மாடி அறையில் ஓடிய ஏசி

தம்பிக்கு,

நீ வாங்கி அனுப்பிய ஜெனரேட்டரைப் பொருத்தியாகிவிட்டது. மின்சாரம் போன பத்தாவது விநாடியில் தானாகவே கிளம்புகிறது. வீடு முழுவதற்கும் போதும் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறாய். எனக்கும் நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

இன்று மதியம் எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்க்க மெயினை அணைத்தார். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் உன் மாடி அறையில் ஏசி ஜம்மென்று ஓடியது. இருவரும் நின்று ரசித்துவிட்டுக் கீழே வந்தால், அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுபோயிருந்தது. அவர் ஓடிப்போய் மெயினைப் போடுவதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

“சார் அனுப்பின வீட்டு பிளான்ல இது ஸ்டோர் ரூம்க்கா. ஸ்டோருக்கு எதுக்கு லைன்னு அவரே அடிச்சுட்டார்” என்றார்.

அம்மா அங்கே படுத்து நாலு வருடம் ஆகிறது. நீ வைத்திருப்பது வீடு கட்டியபோது போட்ட பிளான்.

“இப்ப சேர்க்க முடியாதா?”

“லோடு தாங்காதுக்கா. மாடி ஏசியை எடுத்தாத்தான் முடியும். சார் கத்துவாரே?”

“கத்தட்டும். அவன் வாய்க்குக் கரண்ட் வேண்டாம். எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டார். இப்போது அம்மா அறைக்கு லைன் இருக்கிறது.

மூச்சு சீரானதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, “அவன்கிட்ட சொல்லிடாதடி, மனசு கஷ்டப்படுவான்” என்பதுதான். அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அக்கா