இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும் மூன்று வயது குறைக்க வேண்டி

அனுப்புநர்:
இரட்டையரில் மூத்தவள்,
அறை எண் 14, அகதிப் பெண்கள் விடுதி.

பெறுநர்:
பதிவு அலுவலர் அவர்கள்,
அகதிகள் பதிவு அலுவலகம்.

பொருள்: தங்கையின் வயதைத் திருத்தக் கோருதல் – ஐந்தாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஒன்பது. பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேறு இல்லத்துக்கு அனுப்புவதைப் பார்த்த அம்மா, எங்களைப் பிரித்துவிடக் கூடாதென்று, "ரெட்டைப் புள்ளைங்க சார்" என்று சொல்லிவிட்டார். வரிசை நீளமாக இருந்ததால் தங்கள் அலுவலகமும் நம்பியது. அம்மா, அப்பாவைக் கூட்டிவரத் திரும்பிப் போனார்.

2. அதே ஆண்டு தங்கைக்கு நான்கு பால்பற்கள் விழுந்தன. பல் மருத்துவர் "தாமதமான வளர்ச்சி" என்று எழுதி, ஆறு மாதம் சத்து மாத்திரை கொடுத்தார். நான் பெரியவளானதற்கும் அவள் பெரியவளானதற்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருப்பது விடுதி நர்ஸின் குறிப்பேட்டிலேயே உள்ளது. வார்டன் அம்மா, "ஒண்ணு எக்ஸ்பிரஸ், ஒண்ணு கூட்ஸ் வண்டி. ரெண்டும் ஒரே நாள்ல கிளம்புச்சாம்!" என்று சிரித்தாரே தவிர, சந்தேகப்படவில்லை. நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

3. வரும் வெள்ளிக்கிழமை எங்கள் இருவருக்கும் பதினெட்டு நிறைவதால், விடுதியைக் காலி செய்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர உத்தரவு வந்துள்ளது. அங்கே நான் நான்கு மாதமாகப் பயிற்சியில் இருக்கிறேன். நீராவி இஸ்திரி இயந்திரம் என் முழங்கை வரை கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதன் கைப்பிடி தங்கைக்கு எட்டாது. ஸ்டூல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

4. இதுபற்றிக் கேட்டதற்குத் தங்கள் எழுத்தர், "வயசை யார் சொன்னாங்களோ, அவங்களே நேர்ல வந்து மாத்தணும்மா" என்றார். விதி நியாயமானதே. நாங்களும் ஆறு ஆண்டுகளாக அம்மா நேரில் வர வேண்டும் என்றுதான் கேட்டு வருகிறோம். அவர் தங்களுக்கு முதலில் கிடைத்தால், அன்புகூர்ந்து அறை எண் 14-க்குத் தெரிவிக்கவும்.

5. வயதைத் திருத்தினால் தங்கை விடுதியிலும் பள்ளியிலும் இருப்பாள். நான் மட்டும் போக வேண்டும். வெளியேறியவர்கள் திரும்ப உள்ளே வரக் கூடாதென்று வாசலில் பலகை இருக்கிறது. எதைத் தடுக்க அம்மா பொய் சொன்னாரோ, அதையே கேட்டு நிற்கிறேன்.

இரட்டையராக நடித்ததற்குத் தண்டனை ஏதும் உண்டென்றால் அது மூத்தவளையே சேரும். வெள்ளிக்கிழமைக்குள் என் தங்கைக்குப் பதினைந்து வயது தந்து உதவுமாறு வேண்டுகிறேன்.

இடம்: அறை எண் 14
நாள்: 12-ஆம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
அக்கா

குறிப்பு: இருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதியை அறிவேன். தங்கையிடம் வாங்கவில்லை. அவள் சிறுமி.