சம்பந்தி தொடாத வண்டி

கொச்கோர்,
புதன்கிழமை, அக்டோபர் கடைசி.

அன்பு மகள் மீரிமுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சொல்லிக்கொள்ளும்படியான நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், ஆடுமாடுகளும் சுகம், அங்கே மாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளை குபாத்தும் கால் நனையாமல், வேளைக்கு வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்களா என்பதே எங்களுக்கு எப்போதும் நினைப்பு. நீங்கள் எங்களிடம் விட்டுப்போன உன் மகள் நூரையிமுக்குக் காறை எலும்பு கூடிவிட்டது, திங்கட்கிழமை டாக்டர் கட்டை அவிழ்த்தார், கையைத் தலைக்கு மேல் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறாள். செவலைப் பசு கன்று போட்டது, நெற்றியில் வெள்ளை. குளிர் இந்த வருஷம் முந்திக்கொண்டது, காலையில் வாளித் தண்ணீர் மேலே தகடு போல உறைந்து கிடக்கிறது. போன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவள் இல்லாவிட்டாலும் நான் பாதியில் மென்று விழுங்கிவிட்டு அங்கே மழையா என்று கேட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை மாஸ்கோவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு ரோசா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் ஒரு டப்பா வெண்ணெயும் கூட வருகிறது. பார், இன்னும் வெண்ணெயைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் நம் வண்டியின் பிரேக். ஆகஸ்டிலேயே முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வர ஆரம்பித்தது, மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம், பேட் தேய்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. உன் அம்மா அன்றே சொன்னாள், "சம்பந்தி கிட்ட கொண்டுபோய் விடுங்க, வேற யாரும் தொட வேணாம்" என்று. உன் மாமனார் இஷென்பெக் இந்த ஊரிலேயே கைதேர்ந்த மெக்கானிக் என்பதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா. ஆனால் சம்பந்தியிடம் வண்டியை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார். காசு நீட்டினால் அடிக்க வந்ததுபோல் பின்வாங்குவான். சும்மா வாங்கிக்கொண்டு வர நமக்கு முகம் உண்டா? அவனுக்குப் புது அங்கி போர்த்த வேண்டும், வீட்டுக்குக் கூப்பிட்டு மேல் இடத்தில் உட்காரவைக்க வேண்டும், ஓர் ஆட்டை அடித்துத் தலையை அவன் முன்னால் வைக்க வேண்டும், அவன் வந்தால் அவன் அண்ணன் தம்பிகளும் வருவார்கள். நூறு கிராம் தேய்ந்துபோன பேட்டுக்கு ஒரு முழு ஆடு! சரி, பஜாரில் வேறு ஒர்க்‌ஷாப்பில் காசைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றால், நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் சம்பந்தி காதுக்குச் செய்தி போய்விடும், என் கை மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் வாய்விட்டுக் கேட்கமாட்டான், ஆனால் அடுத்த விருந்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டான். நாரின் நகரத்துக்கு ஓட்டிப் போகலாம் என்றால் அந்த மலை இறக்கத்தில் பிரேக் இல்லாத வண்டியா. ஆக நானே மாற்றிவிடுவதுதான் யாருக்கும் மனக்கசப்பு இல்லாத வழி என்று முடிவு பண்ணினேன். இப்படித்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை மீரிம். போன வருஷப் புத்தாண்டு விருந்தில் நான் வண்டியின் முன்மூடியைத் திறந்தபோது, "மாமா, நீங்க தொடாதீங்க, எங்கப்பா பாத்துக்குவாரு" என்று குபாத் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். இருபத்திரண்டு வருஷம் கூட்டுப் பண்ணையில் டிராக்டரை வயல் நடுவிலேயே பிரித்துப் பூட்டியவனுக்கு அந்தச் சிரிப்பு உள்ளே தைத்துவிட்டது. இந்த வயதில் எனக்கு அந்த வீம்பு.

செப்டம்பர் தொடக்கத்தில் அம்மா நாரினுக்கு உன் சித்தி வீட்டுக்கு இரண்டு நாள் போனாள். போகும்போதே, "நான் வர்றதுக்குள்ள சம்பந்தி கிட்ட காட்டிடுங்க, நீங்களே கையை வைக்காதீங்க, டிராக்டர் வேற கார் வேற, ஆழம் தெரியாம காலை விடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் ஏறிய வண்டி தெருமுனை திரும்பியதும் நான் ஜாக்கியை எடுத்தேன். போனில் ஒரு ரஷ்யப் பையன் பேட் மாற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோவை வைத்துக்கொண்டு பாதி வரை பார்த்தேன், அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது என்று அணைத்துவிட்டேன். பேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பைக் கழற்றினால் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டுமாம், அது அந்த வீடியோவின் மீதிப் பாதியில் இருந்திருக்கும். நான் அதை, பிரேக் எண்ணெய் வரும் அதன் ரப்பர் குழாயிலேயே தொங்கவிட்டேன், அது பாட்டுக்குச் சுற்றியது, திரும்பப் பூட்டும்போது குழாய் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. தெருவில் ஓட்டிப் பார்த்தேன், மிதித்த இடத்தில் நின்றது, சத்தமும் இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அம்மா திரும்பி வந்து டீக்கு உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "சம்பந்தி பாத்தாரா?" என்றாள். பார்த்தார் என்றேன். "உங்க நகமெல்லாம் ஏன் கருப்பா இருக்கு?" என்றாள். கூடமாட ஒத்தாசை பண்ணினேன் என்றேன். அவள் என்னோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியவள், நடுவில் இருந்த ரொட்டியை என் பக்கம் தள்ளி, "எங்க, ரொட்டி மேல கை வச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் வைத்தேன். ரொட்டி மேல் கை வைத்து, இஷென்பெக்தான் செய்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை, மறுநாளே பஜாருக்குப் போய் நல்ல அங்கி ஒன்றும் வெள்ளைத் தொப்பி ஒன்றும் வாங்கிப் பொட்டலம் கட்டி, சம்பந்தி இஷென்பெக்குக்கு, உங்கள் கை நோகாதிருக்கட்டும் என்று தன் கையால் எழுதிக் காகிதம் குத்தி என்னிடம் கொடுத்தாள். ஒரு பொய்க்குப் பின்னால் எத்தனை வேலை பார்! பொட்டலத்தை ஸ்டெப்னிக்குக் கீழே ஒளித்துவிட்டு, பஜாரை ஒரு சுற்று சுற்றி, கடையில் இரண்டு தட்டு கொழுக்கட்டை தின்றுவிட்டு வந்து, அங்கி அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது, சம்பந்திக்கு ஒரே சந்தோஷம் என்று சொன்னேன். போன் பண்ணி இரண்டு வார்த்தை பேசட்டுமா என்றாள், வேண்டாம், கூச்சப்படுவான் என்று தடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குச் சொல்லப்பட்ட விதத்தில்தான் தெரியும். சித்தி வீட்டு விசேஷம் முடிந்து மூன்று பேரும் திரும்பி வந்தோம், கணவாய் தாண்டி இறக்கத்தில் சாரி-புலாக் நெருங்கும்போது மிதி மெத்தென்று தரை வரை போய்விட்டது. நம் வண்டிக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், வலது ஓரமாகவே ஓட்டும் இந்தச் சாலையில் லாரியை முந்த வேண்டுமென்றால் இடப்பக்கம் இருக்கும் அம்மாதான் எதிரே பார்த்துச் சொல்வாள், அன்றும் "லாரி வருது, லாரி வருது, ஒதுங்குங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கியரைக் குறைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு வீட்டு வேலியை உடைத்துக்கொண்டு வைக்கோல் போரில் போய் முட்டினேன். பின்சீட்டில் நூரையிம் அழவில்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. திரும்பிப் பார்த்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் என்னையே பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு இஷென்பெக் வந்தான். யாரோ சொல்லி, தன் இழுவை லாரியோடு போய் நம் வண்டியை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான். முதலில் பேத்தியைப் பார்த்தான், பிறகு என்னை மதில் ஓரமாகக் கூப்பிட்டான். ஸ்டெப்னிக்குக் கீழே நான் ஒளித்த அந்தப் பொட்டலத்தைத் தன் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து என் கையில் வைத்தான், அம்மா குத்திய காகிதம் அப்படியே இருந்தது. "இத உள்ள வச்சுக்குங்க சம்பந்தி, அவங்க கண்ல பட வேணாம். முன் சக்கரத்துக் குழாய் ஒரு சுத்து முறுக்கியிருக்கு, டயர்ல உரசியே அறுந்துருக்கு" என்றான். அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள், அவனைப் பார்த்ததும் வெடித்துவிட்டாள், "காசு வாங்காத வேலைன்னா கண்ண மூடிக்கிட்டுத்தான் செய்வியா? அவ உன் ரத்தம் இல்லையா? அந்தக் கைய இனி எவன் வண்டியில வைக்கப் போற?" என்று ஊரே கேட்கக் கத்தினாள். சம்பந்தியை நீ, வா, போ என்று பேசினாள், மீரிம். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தப்புதான் சம்பந்தியம்மா, என் கை தவறிப்போச்சு" என்றான். நான் பொட்டலத்தைக் கோட்டுக்குள் அழுத்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. முதலில் குழந்தை தேறட்டும் என்று நினைத்தேன், அப்புறம் அம்மா கோபம் தணியட்டும் என்று நினைத்தேன், அப்புறம் நாள் கடந்துவிட்டது, இனிமேல் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். கோழைக்குக் காரணமா பஞ்சம்.

இந்த ஒரு மாதத்தில் அவன் தொழில் எப்படிப் போயிற்று என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொந்தப் பேத்தி ஏறுகிற வண்டிக்கே அப்படிச் செய்தவன் என்று டாக்ஸிக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். எப்போதும் பத்து வண்டி நிற்கும் அவன் முற்றத்தில் நேற்று இரண்டுதான் நின்றன, அதில் ஒன்று நம்முடையது. கேட்காமலேயே சரி செய்துகொண்டிருக்கிறான். அவன் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது, கேட்க நாக்கு எழவில்லை.

இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டு கல் மாதிரி இருந்திருப்பேன் போல, ஞாயிற்றுக்கிழமை போன் வராமல் இருந்திருந்தால். குபாத் உன்னிடம், என் அப்பா குழாயை முறுக்கி வைக்கிற ஆள் இல்லை, அவர் கை அப்படிச் செய்யாது என்று சொல்லிக்கொண்டே இருந்தான் அல்லவா. நீ நூரையிமைக் கூப்பிட்டாய், "கண்ணு, நம்ம வண்டிய யாருடி ரிப்பேர் பண்ணுனா? நீ பாத்தியா?" என்று கேட்டாய். அவள் பார்த்தாள், மீரிம். அன்று பூராவும் முற்றத்தில் என் பக்கத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி கேட்டால் இஷென்பெக் தாத்தா என்று சொல்ல வேண்டும் என்று ஒரு சாக்லெட்டும் கொடுத்துச் சொல்லிவைத்திருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் உன்னிடம் "இஷென்பெக் தாத்தா" என்றாள். நீ அங்கே திரும்பி, "கேட்டீங்களா? குழந்தை பொய் சொல்லுமா?" என்று குபாத்திடம் சொன்னது எனக்கும் கேட்டது, அதற்கு முன்னால் அவன் அப்பாவைப் பற்றி நீ சொன்ன வார்த்தையும் கேட்டது, அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் கேட்டது. மறுநாள் நீ அம்மாவிடம் அழுததிலிருந்து அவன் கூட வேலை செய்கிறவர்கள் அறையில் படுத்துக்கொள்கிறான் என்று தெரிந்துகொண்டேன். போனை வைத்ததும் நூரையிம் என் காதருகே வந்து, "சரியா சொன்னேனா தாத்தா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை இஷென்பெக்கின் அண்ணன் வீட்டில் பேரனுக்குத் தொட்டில் விருந்து. அம்மா வரமாட்டேன் என்கிறாள், அவளிடம் வெள்ளி காலை இந்தக் கடிதம் ரோசா பைக்குள் போனதும் சொல்வேன். அவள் என்னை எது சொன்னாலும் தகும். விருந்தில் பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்வதற்கு முன்னால் எழுந்து நின்று எல்லோர் எதிரிலும் சொல்லப்போகிறேன், டாக்ஸிக்காரர்களும் இருப்பார்கள். முன்கூட்டியே உனக்கு எழுதிவிட்டால் நான் பின்வாங்க முடியாது, அதற்காகவும்தான் எழுதுகிறேன். நீ இதை உனக்குள் படித்து மடித்து வைத்துக்கொள்ளாதே. குபாத்தைத் தேடிப் போய் அவன் முன்னால் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி, டிராக்டர் வீம்பையும் விடாமல் படி. அவன் அப்பாவைப் பற்றி நீ சொன்னதற்கு அவனிடம் மன்னிப்புக் கேள். உன்னை அந்த வார்த்தை பேசவைத்தது நான், ஆனால் உன் வாயால்தானே அவன் கேட்டான். அவன் உடனே திரும்பி வராவிட்டால் அவசரப்படுத்தாதே, பூட்ஸை மட்டும் வெளியில் ஈரத்தில் விடாமல் எடுத்துவை, அவனுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

உங்கள் இருவர் வீட்டில் ரொட்டி குறையாமல், வார்த்தை சூடாகாமல், போன வழி திரும்பி வரும் வழியாக இருக்கட்டும் என்று இரண்டு கையையும் விரித்துக் கேட்கிறேன், கேட்க எனக்கு யோக்கியதை உண்டோ இல்லையோ. ஒன்றே ஒன்றை மறக்காதே, மகளே. நூரையிமைப் பொய் சொன்னதற்காகத் திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அதே கேள்வியை இன்னொரு தடவை கேள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், இந்தத் தடவை அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லட்டும்.

தலைகுனிந்து,
உன் அப்பா அசன்குல்.