மூன்று ஓட்டு விழுந்த பெட்டி

இன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரலை முகர்ந்தேன். அதே மை நாற்றம். உடனே நீதான் வந்து நின்றாய். கூடவே எழுபதுகளின் கடைசியில், பூம்பாறைக்கு அப்பால் ஒரு ஊரில் நாம் இருவரும் தேர்தல் வேலை பார்த்த அந்த நாளும்.

ரோடு போடாததால் ஓட்டில்லை என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. நமக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பெட்டியை வைத்துக் காத்திருந்தோம். கூரைகளில் புகை எழுந்தது. மனிதக் குரல் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. பூண்டு வயல் ஓரத்தில், மூடுபனிக்குள் மரங்கள் நிற்பதாக நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவை இடம் மாறி நின்றன. ஐயோ, ஆட்கள்! பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நீயோ, "போடாட்டிப் போகட்டும். அதுவும் அவுக உரிமைதானலே" என்று பென்சில் சீவிக்கொண்டிருந்தாய்.

உச்சிப்பொழுது தாண்டி ஒரு பெண் வந்தாள். அந்த உருவங்களும் அவள் பின்னாலேயே நகர்ந்து வந்து, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டன.

"வந்ததுக்கு ஏசுவாக, ஏசட்டும். யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சா ஊரைவிட்டே தள்ளிருவாக சார். பெட்டிக்குள்ள ஒத்த ஓட்டுத்தான் கெடக்குன்னா தெரிஞ்சிராதா?" என்றாள்.

பெட்டி பெட்டியாக எண்ணும் காலம் அது. உன் முகம் சுண்டிப்போனது. "போடுங்கம்மா. ஒத்தையா விட மாட்டோம்" என்றாய்.

வேலை பார்க்கும் சாவடியிலேயே ஓட்டுப் போடும் சான்று நம் இருவரிடமும் இருந்தது. அவள் போன பிறகு, நான் வழக்கம்போல நம் கட்சிக்குக் குத்தினேன். மறைப்புக்குள் போன நீ வெளியே வரவே இல்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எண்ணியபோது அந்தப் பெட்டியில் நம் கட்சிக்கு இரண்டு, எதிர்ப் பக்கத்துக்கு ஒன்று. மூன்றும் ஒரே பக்கம் விழுந்திருந்தால் அவள் ஓட்டு வெளியே தெரிந்திருக்கும். கட்சிக்காக அப்பாவோடு சண்டை போட்டவனல்லவா நீ! டீக்கடையில் உன் சட்டையைப் பிடித்தேன். "அந்தப் பக்கம் குத்தினது நீயா, அந்தம்மாவா?"

"என்னுதைச் சொன்னா அவுகளுதும் தெரிஞ்சிரும்லே. இனிமே கேக்காத."

பல வருஷம் கழித்து, உன்னைப் புதைக்கும் முன் உன் முகம் பார்த்தபோதும் கேள்வி நாக்கு நுனியில்தான் நின்றது. இனி யாரிடம் கேட்பேன் என்று அழுகை வந்தது. திரும்பினால், கூட்டத்தின் ஓரத்தில், அன்று ஓட்டுப் போட வந்த அந்தப் பெண். தலை நரைத்திருந்தது.

"இன்னும் அந்த ஊர்லதான் சார் இருக்கேன்" என்றாள்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. இன்றுவரை கேட்காமலேயே வைத்திருக்கிறேன்.