வால்வும் வாலும்

மார்ச் 4
அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும். "வீட்ல ஒரு வாலு போதாதுன்னு நெஞ்சுல வேற ஒண்ணா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள் அத்தை. நான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக். அப்பா சிரிக்கவில்லை. பாதிப் பேச்சிலேயே அவருக்கு மூச்சு வாங்குகிறது.

மார்ச் 6
ஆபரேஷனே வேண்டாம் என்கிறார் அப்பா. காரணம் சினிமா! சிவப்பு விளக்கு அணையும், டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்குவார், அம்மா தூணைப் பிடித்துச் சரிவாள்.
"அந்தத் தியேட்டர்ல பார்த்ததை வச்சு இந்தத் தியேட்டரை எடை போடாதீங்கப்பா" என்றேன்.
"தூங்க வச்சிடுவாங்க. எழுப்புறது யாரு?"


மார்ச் 7
குழாயைத் திறந்துவிட்டு அம்மா அழுகிறாள். கேட்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 11
சும்மா பேசிப் பார்க்கலாம் என்று கெஞ்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வந்தவர் மயக்க மருந்து டாக்டர். சினிமாவில் இவரைப் பார்த்ததே இல்லை. அங்கே மயக்குவது வில்லனின் கைக்குட்டை.
"கட்டுப்பல் ஏதாவது இருக்கா சார்?"
"எல்லாம் சொந்தப் பல்" என்றார் அப்பா, மிடுக்காக.
பொய்ப்பல்லை வைத்துக்கொண்டே பொய்!
"மேல் வரிசை, நடுவுல. கழட்டலாம்" என்றேன். அப்பா முறைத்தார்.
டாக்டர் சிரிக்கவில்லை. "நல்லவேளை சொன்ன. குழாய் விடும்போது அது மூச்சுக்குழாய்ல விழுந்திருந்தா?"
அப்பாவுக்கு வியர்த்தது. "மயக்கிட்டுப் போயிடுவீங்களா மேடம்?"
"எங்க போறது? முழுக்க உங்க தலைமாட்டுலதான் இருப்பேன், மூச்சைப் பார்த்துக்கிட்டு. அப்புறம் ஐசியு வரைக்கும் கூட வருவேன். அங்கே மெதுவாத்தான் முழிப்பீங்க. படத்துல மாதிரி உடனே வசனம் பேச முடியாது சார், வாயில குழாய் இருக்கும்."
அப்பா பல்லைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.
"எப்போ வரணும்?" என்றார். பல் போன இடைவெளியில் 'வரணும்' காற்றாகத்தான் வந்தது.
மயக்கத்துக்கு மட்டுமல்ல, தயக்கத்துக்கும் இவர்தான் டாக்டர் போல.

மார்ச் 20
ஆபரேஷன். உள்ளே போனவர் வரவே இல்லை. வரவே— சும்மா இரு, மனசே.
மாலையில் பெரிய டாக்டர் வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், "ஐயோ, என் தம்பி!" என்று அத்தை அலறிவிட்டாள். மனுஷர் பயந்தே போனார்.
"நல்லபடியா முடிஞ்சுதும்மா! மாஸ்க் போட்டதுல கண்ணாடியெல்லாம் ஆவி, தொடைக்கலாம்னு..."
போனது கண்ணாடியின் ஆவி மட்டும்தான். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். யாரிடமும் சொல்லாதே.

மார்ச் 22
குழாயை எடுத்துவிட்டார்கள். அப்பாவின் முதல் வசனம்: "பல்லு எங்கடா?"

ஜூலை 9
அப்பாவின் குடைக்குள் காகிதத் துணுக்குகளை நிரப்பி மடித்து வைத்தேன். பேருந்து நிறுத்தத்தில், அத்தனை பேர் நடுவில், விரித்திருக்கிறார். திரும்பி வந்து மொட்டை மாடி வரை துரத்திப் பிடித்தார். காது இன்னும் எரிகிறது.
மூச்சு வாங்கியது எனக்குத்தான்.