பட்டியலில் ஒருத்தரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

வாரும் நாட்கொப்பியாரே, சுகமாய் இருக்கிறீரோ? இரண்டு மாதமாய் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தீர். ஒரு வார்த்தை கேட்டேனா? கடைக்காரர் சும்மா தந்த கொப்பிதானே என்று விட்டுவிட்டேன். நானும் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆகவே நமக்குள் பெரிய மனுசத்தனம் வேண்டாம்.

இன்று பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. நான் குசினியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். வாழைக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. சிட்னிப் பிளமிங்டன் சந்தையில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் ஒரு லெபனான்காரர் பச்சை வாழைக்காயை உரித்துத் தின்றுவிட்டு... சரி, அது பிறகு. கரண்ட் போனதும் அறைக்குள் என் மனுசி இரஞ்சிதத்துக்கு மூச்சு தருகிற ஒட்சிசன் மிசின் கத்தத் தொடங்கியது. ஓடிப்போய்ச் சின்னச் சிலிண்டரை மாட்டினேன். அது இரண்டு மணித்தியாலம் தாங்கும். நாங்கள் ஆறாம் மாடி. கரண்ட் இல்லாமல் லிஃப்டும் ஓடாது. நான் போனை எடுக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்புலன்ஸ் வேண்டாம். சைரன் கேட்டா முழு ஃபிளட்டும் எட்டிப் பாக்கும்."

சிலிண்டரின் முள் இறங்குது, இறங்குது, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்... என்னத்தைச் சொல்ல. ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிசமும் கழித்துக் கரண்ட் வந்தது. கரண்ட் கொம்பனி கீழே ஏதோ பெட்டி மாற்றியதாம். லிஃப்டில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்ட அவர்களுக்கு என்ன கேடு?

மார்ச் 6, வியாழன்

கட்டடக் கமிட்டிச் செயலாளர் மகேந்திரராஜா வந்தார். எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்து நான்குக்கும் கரண்ட் விற்க அந்த ஒரு கொம்பனிக்குத்தான் உரிமை. ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் பத்து வருசம் கேட்கிறார்கள். கொடுக்கமுன்னம் அரசாங்கச் சபை ஒன்று ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு விசாரிக்குமாம்.

"அண்ணை, நல்லாக் கதைக்கிற ஆள் எண்டு உங்கட பேரைக் குடுத்திட்டன். முன்கூட்டிச் சொல்லாமக் கரண்டை வெட்டக்கூடாது, மிசினில சீவிக்கிற ஆக்களுக்கு ஒரு பட்டியல் வைக்கோணும் எண்டு கேளுங்கோ. மூண்டு நிமிசம்தான்."

மூன்று நிமிசம்! சுகம் விசாரிக்கவே எனக்குக் காணாது.

போகும்போது இரஞ்சிதத்திடம், "அக்கா, ஜூனில எங்கட மகள் வினுஷான்ர கலியாணம். பொம்பிளை மாப்பிளைக்கு விளக்குத்தட்டுச் சுத்தி ஆலாத்தி எடுக்கிறது நீங்கள்தான்" என்றார். அவருக்கு மிசின் பற்றித் தெரியாது. மகள் மயூராவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆட்கள் வந்தால் மேலே ஒரு சேலையைப் போட்டுவிடுவோம். சத்தம் என்னவென்று கேட்டால், காற்றைச் சுத்தம் செய்கிற மிசின்.

கதவு சாத்தியதும் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். "என்ர பேரை அங்க எடுக்கக்கூடாது. வருத்தக்காரி, மிசினில சீவிக்கிறவ எண்டு தெரிஞ்சா ஆர் என்னை ஆலாத்திக்குக் கூப்பிடுவினம்? மூலையில ஒரு கதிரை போட்டு இருத்திப்போட்டுப் பாவம் பாப்பினம்."

சத்தியம் செய்தேன்.

மார்ச் 7

சொல்லாமல் எப்படிச் சொல்வது?

மார்ச் 11, செவ்வாய்

பேசிப் பழகினேன். இரஞ்சிதம் போனில் நேரம் பிடித்தாள்.

"மூண்டு நிமிசம் முடிஞ்சுது. நீங்கள் இன்னும் சந்தையை விட்டு வெளிக்கிடேல்லை."

அப்போது நாலாம் மாடி அன்னம்மா, மலேசியாக்காரி, பாத்திரம் திருப்பித் தர வந்தாள். சேலையைப் போட்டோம். அவள் மிசின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"காத்து மிசினா? எங்க வீட்லயும் ஒண்ணு ஓடுது அண்ணே. என் புருஷன் பீட்டருக்குத் தூசி ஒத்துக்காது."

மார்ச் 18, செவ்வாய்

விசாரணைக்குப் போய்விட்டு வந்தேன்.

மேசையில் மூன்று பேர். தலைவி ஒரு நரைத்த வெள்ளைக்கார அம்மா. எனக்கு மொழிபெயர்க்க ராகவி என்ற சென்னைப் பிள்ளை. மூன்று பேரையும் தனித்தனியாகச் சுகம் கேட்டேன். "சார், டைம் ஓடுது சார்" என்றாள் ராகவி. பிறகு சொன்னேன், எங்கள் கட்டடத்தில் ஒரு மனுசி இருக்கிறா, அவவுக்கு மிசின்தான் மூச்சு என்று. சிலிண்டர் முள்ளைச் சொன்னபோது தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டா.

கொம்பனிக்காரர் எழும்பினார். "அந்த ஐந்து கட்டடங்களிலும் மருத்துவ மிசின் இருப்பதாக எங்களிடம் பதிந்தவர்கள் ஒருவரும் இல்லை. இல்லாதவர்களுக்கு எதற்குப் பட்டியல்?"

தலைவி என்னைப் பார்த்தா. தன்மையாகத்தான் கேட்டா. "அந்த அம்மா யார்? தனியாகச் சொன்னாலும் போதும்."

என் கை இரஞ்சிதத்தின் தலையில் இருப்பதுபோல் இருந்தது. தெரியாது என்றேன். சிவப்பு லைட் எரிந்தது.

தெரியாதாம்! முப்பத்தெட்டு வருசம் ஒண்டாச் சீவிச்சவளைத் தெரியாதாம்! நீ ஒரு மனுசனாடா?

மார்ச் 19, புதன்

விசாரணையைப் போனில் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள். இரஞ்சிதம் முழுவதும் பார்த்திருக்கிறாள். தேத்தண்ணியை வைக்கும்போது கேட்டாள்:

"தெரியாத மனுசிக்கு எதுக்கு இவ்வளவு காலம் வாழைக்காய் சீவினனியள்?"

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "எழுத்தில குடுக்க இருவத்தெட்டாம் தேதி வரைக்கும் நேரமிருக்காம். என்ன ஃபோம் நிரப்போணும் எண்டு மகேந்திரராஜாவைக் கேளுங்கோ" என்றாள்.

மார்ச் 21

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி. டொக்டரின் கையெழுத்துக்கு நாலு மணித்தியாலம். கிடைத்தது.

மார்ச் 24, திங்கள்

இன்று மூக்கில் குழாயோடு, சிலிண்டர் வண்டிலை இழுத்துக்கொண்டு, லிஃப்டில் இறங்கினாள். முதல் தரம். நாலாம் மாடியில் அன்னம்மா ஏறினாள். குழாயைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா... பீட்டருக்கும் இதே மிசின்தான். தூசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை போயிடும்னு சொல்லாம இருந்தோம்."

பின்னேரம் மகேந்திரராஜா கடதாசியோடு கதவு கதவாகத் தட்டினார். எங்கள் கட்டடத்தில் மட்டும் ஏழு வீடு.

"ஏழு மிசின்! அப்ப சிட்னியிலேயே சுத்தமான காத்து எங்கட ஃபிளட்டிலதான்" என்றாள் இரஞ்சிதம். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிவிட்டது. நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். அவள் இன்னும் சிரித்தாள்.

மார்ச் 31

வெள்ளிக்கிழமையே அனுப்பியாகிவிட்டது. மகேந்திரராஜா கலியாணப் பேச்சே எடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கலியாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையை மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

மே 20, செவ்வாய்

சபையின் முடிவு வந்தது. ஒப்பந்தம் உண்டு, ஆனால் பட்டியல் வைக்க வேண்டும், நாலு நாள் முன்னம் கடிதம் தர வேண்டும். சந்தோசம்தான். மேல்தட்டைப் பார்க்கப் பயமாய் இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கொம்பனியின் முதல் கடிதம் வந்தது. வியாழன் காலை கரண்ட் நிற்குமாம். அவள் பெயர் அச்சில். குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.

அன்று பின்னேரமே மகேந்திரராஜா வந்து நின்றார். "அக்கா, இவ்வளவு நாளும் ஐயரோட அலைஞ்சனான். ஒட்சிசனுக்குக் கிட்ட நெருப்புக் கூடாதெல்லே? திரி இல்லாம, மஞ்சள் தண்ணியும் பூவுமா எடுக்கலாமாம். ஓமெண்டிட்டார்."

இன்றுதான் கலியாணம். வண்டிலை இழுப்பது நான். தட்டு அவளுடைய கையில். அவள் இன்னும் பட்டுச்சேலை உடுத்து வெளிக்கிடுகிறாள், அதற்குள் கொப்பியாரே, அந்த லெபனான்காரர் கதையை முடித்துவிடுகிறேன். அவர் வாழைக்காயை உரித்து ஒரு கடி கடித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து,

"இஞ்சேருங்கோ! எழுதினது காணும், சிலிண்டரை எடுங்கோ! ஆலாத்திக்கு நேரமாகுது!"

வாறன், வாறன். என்னைப் பார்த்து அவர் சொன்னார்,