பத்துக்கு இரண்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று பதிலுக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை, அதைச் சொல்லிச் சொல்லியே உன் அப்பா கையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்.

அப்பாவின் முடக்குவாதத்துக்கு மாதாமாதம் குளிர்பெட்டியில் ஊசி வருகிறது அல்லவா, அதை அனுப்புகிற மருந்தகத்திலிருந்து ஒரு பொண்ணு போன் செய்யும். ஊசியை ஒழுங்காகப் போட்டீங்களா, காய்ச்சல் வந்துதா, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு டாக்டருக்கு அனுப்பிவைக்கும். நல்ல பொண்ணு, வாய் நிறைய அப்பா என்றுதான் கூப்பிடும். இவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப நல்லாயிருக்கேம்மா, வலி ரெண்டுதான் என்பார். ரெண்டாம் ரெண்டு! போனை வைத்ததும் பெட்டியில் வந்த ஐஸ் பாக்கெட்டை மணிக்கட்டில் அணைத்துக்கொண்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொள்வார். ஏன் பொய் சொல்றீங்க என்று கேட்டால், நம்ம பொண்ணு மாதிரி கேக்குது, அதுகிட்ட போய் அழச் சொல்றியா என்று என்மேல் பாய்வார். டாக்டரிடமும் அதே பாட்டுதான். நான் குறுக்கே வாயைத் திறந்தால், இவ எதையும் பெரிசாக்கிப் பேசுவா டாக்டர் என்று சிரித்தே மழுப்பிவிடுவார். மருந்துக்கு நோய் கேட்கிறது என்று நம்பி அவர்களும் அதே ஊசியைத் தொடர்ந்தார்கள். இங்கேயோ, ஊரெல்லாம் ஒயரிங் செய்த மனுஷன், மாடிப்படி பல்பைக் கழற்றி மாட்ட முடியாமல் இருட்டுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எனக்கு வியாக்கியானம் சொல்கிறார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டிலும் விரல் கணுக்களிலும் எலும்பு அரித்துப்போயிருக்கிறதாம். மருந்து எப்போதோ வேலை செய்யாமல் போயிருக்கிறது, உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்போம் என்றார் டாக்டர். வேறு ஊசி எழுதியிருக்கிறார், மேலே பரவாமல் தடுக்கப் பார்க்கலாம், போனது போனதுதான், இனி ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா டூல்ஸ் பையை யாருக்காவது கொடுத்துடு என்றார். நேற்று அந்தப் பொண்ணு புது ஊசியைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டது. ஏன்ப்பா என்கிட்ட சொல்லவே இல்லை என்று கேட்கும்போதே அதற்குக் குரல் உடைந்துவிட்டது. இவர் என்ன செய்தார் தெரியுமா, அழாதேம்மா, எனக்கு ஒண்ணுமில்லை, இப்பவும் ரெண்டுதான் என்று அதற்குச் சமாதானம் சொல்கிறார். நான் போனைப் பிடுங்கி ஒன்பது என்று கத்தினேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு எந்த மருந்து வந்து என்ன ஆகப்போகிறது, எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

உன்னிடமும் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வார், நம்பாதே. டம்ளரை எந்தக் கையால் பிடிச்சீங்க, சட்டையை யார் போட்டுவிட்டது என்று கேள். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், பேரனைச் சும்மா திட்டிக்கொண்டிருக்காதே. மூன்று பேரும் நூறு வயசு இருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவில் வரும்போது ஆசையில் வாசலிலேயே அப்பா கையைப் பிடித்துவிடாதே. வலிக்கிறது என்று சொல்லமாட்டார். நீயாக விடும்வரை சிரித்துக்கொண்டே நிற்பார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா