எல்லாரும் ஐந்து கொடுத்தார்கள்

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகள் லிடியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, இருமலைப் பற்றிய பேச்சுதான் இன்னும் நிற்கவில்லை. டப்ளின் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மே மாதம் வந்து கொஞ்ச நாள் என்னோடு இரும்மா, டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். என் வேலை நிரந்தரமாகுமா என்று இந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும், ஆகாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியில் நீ சிரிப்பாய், நான் ரோஷத்தில் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் இன்டர்ன் என்றால் என்ன என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் கம்பெனி கல்வராயன் மலைச் சாமையை வாங்கி, மருந்தடிக்காத தானியம் என்று பாக்கெட் போட்டு ஊர் ஊராக விற்கிறது. அலுவலகம் இருப்பது உரக்கடை மாடியில், யூரியா வாடை மூக்கில் ஏறும்போதுதான் நாங்கள் இயற்கை என்று லேபிள் ஒட்டுவோம். காலையில் எல்லாரும் நின்றுகொண்டே கூட்டம் போட வேண்டும், உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். நின்றாலும் நீள்கிறது, அது என் முழங்காலுக்குத்தான் தெரிகிறது. முதலாளி ஆகாஷ் நைனார்பாளையத்துப் பிள்ளை, உன்னைவிடச் சின்னவர், சம்பளம் தருகிறவர் என்பதால் அவர் என்றே எழுதுகிறேன். இங்கே சார், மேடம் கிடையாது, பேர் சொல்லித்தான் கூப்பிடணும் என்று சட்டம் போட்டவரும் அவரே, முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவருக்கே வாய் வரவில்லை, திணறித் திணறி "பாத்திமாங்க" என்றார், அன்றிலிருந்து நான் பாத்திமாங்கதான். என்னோடு இன்டர்னாகச் சேர்ந்த சங்கவி இப்போதுதான் கல்லூரி முடித்த பெண். அவள் இந்தச் சட்டத்தை மதிப்பதே இல்லை, "ஆன்ட்டி, மைக்க அணைக்காமயே அங்கிள்கிட்ட ரசத்துக்குப் புளி கம்மின்னு பேசிக்கினு இருந்தீங்க, பெங்களூரே கேட்டுச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறாள். கேட்டது உண்மைதான், கம்பெனிக்குப் பணம் போடுகிற பெங்களூர்க்காரர்களோடு திரையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, அவர்களில் ஒருவர் எவ்வளவு புளி என்றுகூடக் கேட்டாராம்.

ஆனாலும் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. புள்ளியியலில் எம்.எஸ்.சி. படித்துவிட்டு இத்தனை வருடம் உனக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்ததோடு சரி, அதனால் அறுவடைக்கு முன் மலையில் வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலையை ஆகாஷ் என்னிடம் கொடுத்தபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். எங்கள் விலை எப்படி, எங்கள் ஆட்கள் எப்படி, இந்த வருடம் சாமையை எங்களுக்கே தருவீர்களா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கேட்டு டேப்லெட்டில் தட்டிக்கொண்டு வந்தேன். எல்லாரும் ஐந்து கொடுத்தார்கள். ஒரு வீட்டில்கூட நாலு இல்லை. பூசையில் சாமியார் வைக்கும் பிரசங்கத்தையே நம்பாதவள், வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறவள் நான். எல்லாப் பதிலும் ஒரே மாதிரி வந்தால் முதலில் கேள்வியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று முதல் வருடப் பிள்ளைகூடச் சொல்லும். நான் அதை வண்ணம் வண்ணமாகப் படம் போட்டேன். ஆகாஷ் சுவரில் ஒட்டினார், நான் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

அறுவடை முடிந்து லாரி மலைக்குப் போனது, அடியில் நாலைந்து மூட்டையோடு திரும்பி வந்தது. மற்ற சாமையெல்லாம் வழக்கமாக வாங்கும் வியாபாரிக்கே போய்விட்டது. என்ன ஆயிற்று என்று பார்த்துவர, போன வியாழக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறி, வெள்ளிமலை தாண்டிப் பாவாயி வீட்டுக்குப் போனேன். பாவாயிக்கு என் வயது இருக்கும், முன்னே எனக்கு ஐந்து கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. சாமைச் சோறு போட்டாள், சாப்பிட்டுவிட்டு, ஏம்மா அன்றைக்கு ஐந்து என்று சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வூடு தேடி வந்து கேக்கறீங்க, மூஞ்சிக்கு நேரா கம்மியா சொல்றதா? நல்லாவா இருக்கும்?" என்றாள். அப்படியானால் சாமையை ஏன் தரவில்லை என்றேன். "அது வேறங்க" என்று கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுச் சொன்னாள், "உங்க ஆளு ஈரம் பாக்கற மிசினை மூட்டைக்குள்ள வுட்டுக்கினு எங்களத் திருடங்க மாதிரி பாக்கறாரு. அந்த வியாபாரி கையால அள்ளிப் பாத்துட்டு, புள்ளைங்க இன்னா படிக்குதுன்னு கேப்பாரு." இதைச் சொன்னதற்கும் வருத்தப்பட்டவள் போல, "மனசுல வச்சிக்காதீங்க, ஜாஸ்தி பேசிட்டேன்" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது எனக்கு வந்த யோசனையை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மறுநாள் பெங்களூரிலிருந்து பணம் போடுகிறவர்கள் திரையில் வருகிறார்கள், மலை முழுக்க நம் பக்கம், லாரி பிந்திப் போனதுதான் தவறு என்று சொல்லி ஆகாஷ் காட்டப் போவது என் படத்தைத்தான், அது நன்றாகப் போனால் என் வேலை நிரந்தரம். பேசாமல் இருந்தால் வேலை, சொன்னால் டப்ளின். வளைவுக்கு வளைவு மனதை மாற்றிக்கொண்டு வந்தேன், பக்கத்துச் சீட்டுக்காரர் எனக்குத் தலைசுற்றல் என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். நேராக அலுவலகம் போய், சுவரில் இருப்பது குப்பை, எல்லாரும் நமக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள், பதில் கொடுக்கவில்லை என்று ஆகாஷிடம் சொல்லிவிட்டேன். "இன்னாங்க பாத்திமாங்க, நாளைக்கு மீட்டிங்க வச்சிக்கினு இன்னிக்கி சொல்றீங்க" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நின்று பேசாமல் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் அவர் படத்தைக் காட்டவில்லை. மலைக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது, கேட்கவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். பெங்களூர்க்காரர்கள் அடுத்த விதைப்பு வரை பார்ப்போம் என்றார்கள். அதனால் யாரும் நிரந்தரமில்லை, எனக்கும் சங்கவிக்கும் அதுவரை இன்டர்ன் வேலையே நீட்டிப்பு. நாளைக்கு நாங்கள் இருவரும் மலைக்குப் போகிறோம், டேப்லெட் இல்லாமல். வீடு தேடி வருகிறவளிடம், பிடிக்கவில்லை என்பதை மனம் நோகாமல் அவர்கள் சொல்லும்படி எப்படிக் கேட்பது? எம்.எஸ்.சி.யில் அது இல்லை, சங்கவிக்கும் தெரியவில்லை.

ஆகாவிட்டால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன், ஆகவும் இல்லை. இருந்தாலும் மே மாதத்துக்கு டிக்கெட் போடாதே, லிடியா. நீ அங்கே தனியாக இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திங்கட்கிழமை எப்போது வரும் என்று நான் காத்திருந்து எத்தனையோ வருடமாயிற்று. கோபம் வந்தால் வரட்டும், கோபத்தோடாவது போன் பண்ணு.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உனக்கு அமையட்டும். அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா,
பாத்திமா மேரி